சோபாவுக்கு முட்டை போட்டது யார்?

கோச்சின் வாயில் விசில் இருந்தது.

ஊதத்தான் மூச்சு இல்லை!

விசிலின் கயிறு கழுத்தைச் சுற்றிச் சுற்றி இறுகி, சதைக்குள் புதைந்திருந்தது. பின்மண்டை பிளந்திருந்தது. டிரெஸ்ஸிங் ரூம் மேஜை மேல் மடித்து வைத்த வெள்ளை ஜெர்சிகள் எல்லாம் சிவப்பு ஜெர்சிகளாகியிருந்தன.

போன வருஷம் ஜெயித்த வெள்ளிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி ஒருவன் நின்றிருந்தான். கோப்பையின் அடியில் ரத்தம்... முடி...

அவன்தான் டீமின் கோல்கீப்பர்.

"அக்கா... நான் எதுவும் பண்ணல அக்கா! உள்ள வந்தேன்... இது கீழ கிடந்துச்சு... எடுத்துட்டேன்..."

வாசலில் அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை டீமில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கட்டம்!' எவன் பாஸ் கொடுத்தான், எவன் கோட்டை விட்டான், எவன் ஓடுகிற மாதிரி ஆக்ட் கொடுத்தான்... அத்தனையையும் எக்செல் ஷீட்டின் கட்டங்களுக்குள் அடைப்பது அவள் உத்தியோகம். ஸ்டேடியத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. மடியில் லேப்டாப். கண் கிரவுண்டில், விரல் கீபோர்டில். குனிந்து பார்க்கிற நேரத்தில் ஒரு பாஸ் தப்பிவிட்டால்? அதனால் குனியவே மாட்டாள்.

அப்பா இல்லை. அம்மா இல்லை. இருக்கிற ஒரே சொந்தம் தம்பி.

அவன் கையில்தான் இப்போது ரத்தக் கோப்பை!

*

கண்ணாடி அறைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி வந்தார் இன்ஸ்பெக்டர். தொப்பை முதலில் வந்தது. அவர் பின்னால் வந்தார். கையில் விலங்கோடு தம்பி.

"மேட்ச் முடிஞ்சதும் கோச் உன்னை எல்லார் முன்னாடியும் பளார்னு அறைஞ்சாரா?"

"ஆமா சார். ரெண்டு கோல் விட்டுட்டேன்..."

"நீ என்ன சொன்னே?"

தம்பி கையிலிருந்த விலங்கைப் பார்த்தான்.

"வாயைத் திறடா!"

"கொன்னுடுவேன்னு சொன்னேன் சார்."

"சொன்ன சொல் தவறாத ஆளுதான் நீ!"

அக்கா குறுக்கே விழுந்தாள். "சார், மேட்ச்ல இவனுக்குத் தாடை கிழிஞ்சிடுச்சு. டாக்டர் தையல் போட்டுக்கிட்டு இருந்தார்..."

"தையலை முடிச்சிட்டு டாக்டரும் பஸ் ஏறிட்டார். டீம் மொத்தமும் போயாச்சு. துணை கோச்சும் கார்ல கிளம்பியாச்சு. அதுக்கப்புறமும் கோச் உயிரோட இருந்திருக்கார். ஸ்டேடியத்துல மிச்சம் நீயும் உன் தம்பியும்தான்!"

"உயிரோட இருந்தார்னு யார் சொன்னா?"

"உன் ஷீட்டுதான்மா சொல்லுது!" லேப்டாப்பைத் தட்டினார். "ஒவ்வொரு ப்ளேயருக்கும் கோச் தன் டேப்லெட்லேருந்து மார்க் போட்டிருக்கார். பக்கத்துலயே நேரம் விழுந்திருக்கு. எல்லாம் பஸ் போன பிறகு! இதை என் போனுக்கு அனுப்பு. கோர்ட்டுக்கு வேணும்."

அடப்பாவமே! தன் கையால் போட்ட ஷீட்டே தம்பிக்குத் தூக்குக் கயிறா?

லிங்க்கை அனுப்பினாள். இன்ஸ்பெக்டரின் போனில் ஷீட் விரிந்தது.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. கடைசிக் கட்டம்.

"சார்! ஷீட்டுல ஒரு தப்பு இருக்கு! சோபாவுக்கு ஜீரோ போட்டிருக்கு!"

"சோபாவா?"

"ரிசர்வ் ப்ளேயர் சார். எப்பப் பாரு பெஞ்சுல உட்கார்ந்தே இருப்பான். இன்னைக்கும் ஆடல. ஆடாதவனுக்குக் கோச் முட்டை போடவே மாட்டார். கட்டத்தைக் காலியா விடுவார். காலியா விட்டா ஷீட் அவனைக் கணக்குல சேர்க்காது. ஜீரோ போட்டா சேர்த்துக்கும். டீம் ஆவரேஜ் படுத்துடும். முதல் சீசன்ல இதுக்காகவே என்னை அழ வெச்சிருக்கார் சார்!"

"அதனால?"

"இது கோச் போட்ட மார்க் இல்ல. அவர் உயிரோட இருக்கற மாதிரி காட்ட, அவரோட டேப்லெட்டைத் திருடிட்டுப் போனவன் போட்டது. பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே கோச் செத்துட்டார். அப்ப என் தம்பி டாக்டர் ஊசிக்குக் கீழ படுத்திருந்தான்!"

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"ஒரே ஒரு முட்டையை வெச்சு ஊருக்கே ஆம்லெட் போடாதேம்மா. தோத்த கடுப்புல போட்டிருப்பார். நடடா!"

"அக்கா..!"

தம்பியின் குரல் படிக்கட்டில் இறங்கி இறங்கித் தேய்ந்தது.

*

பின்பக்கப் படி வழியாக ஒருவர் வந்தார். துணை கோச். அதட்டிக்கூடப் பேசத் தெரியாத மனிதர் என்று பெயர்.

"கேள்விப்பட்டதும் காரைத் திருப்பிட்டேன்மா. அழாதே."

"என் தம்பி இல்ல சார்! மார்க்குல ஒரு தப்பு இருக்கு. அதை மட்டும் நிரூபிச்சிட்டா..."

"விட்டுத் தள்ளும்மா. ஏதோ எரிச்சல்ல கோச் சோபாவுக்கு முட்டை போட்டிருப்பார். அதைப் போய் பெருசா..."

சட்டென்று நிறுத்தினார்.

நிறுத்தி என்ன பிரயோஜனம்?

அவள் சோபாவின் பேச்சையே எடுக்கவில்லை! அந்த ஷீட்டைத் திறக்க முடிந்தவர்கள் அவளும் கோச்சும் மட்டும்தான். இப்போது இன்ஸ்பெக்டர். அப்புறம்... டேப்லெட்டைத் திருடியவன்!

அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். இல்லை, புரிந்துகொண்டான். இனி இவனுக்கு என்ன மரியாதை?

க்ளிக்! கதவின் தாழ் விழுந்தது.

அடுத்த நொடி அவள் தலைமுடி அவன் பிடியில். முகம் மேஜையில் போய் மோதியது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"கத்திப் பாரு. இந்தக் கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தம் போகாது!"

பேண்டேஜ் வெட்டுகிற கத்தரிக்கோல் அவள் கழுத்தில் பதிந்தது. ரத்தம் கோடாக இறங்கியது.

"லேப்டாப்பை எடு. அந்த ஜீரோவை அழி!"

எடுத்து மடியில் வைத்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவள் பார்வை அவன் முகத்தை விட்டு நகரவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. டக்... டக்... டக்...

"ஏன் சார் கொன்னீங்க?"

"நம்ம ஆட்டத் திட்டத்தை எதிர் டீமுக்கு வித்துட்டு இருந்தேன். எங்கே கார்னர் அடிப்போம், உன் தம்பி எந்தப் பக்கம் பாய்வான்... எல்லாம்! கோச் மோப்பம் பிடிச்சிட்டான். நாளைக்குப் போலீஸ்னான். இன்னைக்கே போயிட்டான்!"

டக் டக் டக் டக்...

"டேப்லெட்?"

"என் கார் சீட்டுக்கு அடியில. ஏய், ஒரு ஜீரோவை அழிக்க இவ்வளவு தட்டணுமா?"

"ஷீட்டைப் பூட்டி வெச்சிருக்கேன் சார்... பாஸ்வேர்ட் போடணும்..."

"சீக்கிரம்! அப்புறம் உனக்கு ஒரு வேலை இருக்கு. தம்பி செஞ்ச காரியத்தைத் தாங்க முடியாம அக்கா மேலேருந்து குதிச்சிட்டா. நல்லா இருக்கில்ல?"

அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். படக்! அலறினாள்.

மிச்ச விரல்கள் நிற்கவில்லை!

அவனுக்குச் சந்தேகம் தட்டியது. எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தான்.

ஜீரோ அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில்...

'துணை கோச்தான் கொலைகாரன். கதவு பூட்டு. கத்தரிக்கோல். டேப்லெட் அவன் கார் சீட் அடியில். சீக்கிரம் சார்'

"நீ... நீ என் மூஞ்சியைத்தானே பார்த்துட்டு இருந்தே!"

"மேட்ச் முழுக்கக் கிரவுண்டைப் பார்த்துட்டேதான் தட்டுவேன். கீபோர்டை என்னைக்குப் பார்த்தேன்?"

அவன் கண் முன்னாலேயே அடுத்த கட்டத்தில் வேறு கலரில் எழுத்துகள் முளைத்தன. அதே ஷீட்டில் எங்கிருந்தோ வேறு யாரோ டைப் செய்கிறார்கள்! வாயைப் பிளந்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"வாசல்ல... நிக்கிறேன்... தலையைக் குனி..."

குனிந்தாள்!

டுமீல்!

கண்ணாடிக் கதவு சுக்குநூறாகியது. தோட்டா அவன் தோளைத் துளைத்து வெளியே போனது. அப்படியும் கத்தரிக்கோலை ஓங்கினான் ராட்சசன். அவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி, அவன் தாடையில் ஓங்கி ஒரு சாத்து சாத்தினாள். பற்கள் தெறித்தன. எழுத்துப் பொத்தான்களும் தெறித்தன. எது எது என்று பொறுக்கித்தான் பார்க்க வேண்டும்.

சரிந்து விழுந்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு கையில் போனுமாக மூச்சிரைத்தார். "ஒரு கையால டைப் பண்ணிட்டே இத்தனை படி ஏறினது என் சர்வீஸ்லயே இதுதான் முதல் தடவை!"

விலங்கு கழன்ற தம்பி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு விசித்து விசித்து அழுதான். அவளும் அழுதாள். உடைந்த விரல் விண்ணென்று தெறித்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

"என்னை மன்னிச்சிடும்மா." இன்ஸ்பெக்டர் தரையில் முனகியவனைக் காலால் புரட்டினார். "இவனும் உங்க டீம் ஆளுதானே? எவ்வளவு மார்க் போடப்போறே... முட்டையா?"

கட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை சார் சொல்றது? இனிமே ஆடப்போறதில்லைன்னா கட்டத்தைக் காலியா விடணும். இவனுக்கு முட்டை போட்டு என் டீம் ஆவரேஜை நான் கெடுத்துக்கணுமா?"