சுவரில் ஒட்டாத பொட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாசலில் நின்று கூப்பிடத் தெரியாது. வந்ததும் படம் பிடிக்கிறார்கள்.

டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் பின்சுவர் வெடித்துக் கிடக்கிறது. போன மழையில் அதில் ஒரு பாதி விழுந்துதான் என் சம்சாரம் அழகம்மா செத்தாள். மிச்சச் சுவரும் நகர்கிறதென்றால் லயத்தைப் பூட்டிவிடுவார்கள். மகள் பிரியந்தி பிள்ளைகளோடு கூடாரத்துக்குப் போகவேண்டியதுதான்.

சுவர் நகர்கிறதா என்று அளக்க வந்தவள் சுலக்ஷனா. போன மாதமே சுவரெங்கும் கறுப்பு வட்டங்கள் ஒட்டிப் படம் எடுத்துப் போனாள்.

"செவத்துக்கு ஒட்டுப்பொட்டெல்லாம் வச்சாச்சு. நலுங்கு எப்ப மிஸ்?" என்று பிரியந்தி அன்று சிரித்தாள்.

நேற்றுப் பின்னேரம் சுலக்ஷனா மறுபடி வந்தாள். இடப்பக்கம், வலப்பக்கம், குனிந்து என்று எடுத்தாள். ஒரே வட்டத்தை எல்லாப் படத்திலும் பொருத்தினால் அது நிற்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் சொல்லுமாம். நான் நம்பவில்லை.

மூடுபனி கதவுவரை வந்தது. ஈரமண் வாடை.

"தாத்தா, செவரு அசையல. நீங்க இருக்கலாம்."

"பெறகு ஏன் மொகம் செத்துக் கெடக்கு?"

"ஒரு பொட்டு கூடுது. நான் ஒட்டல."

"மகதான் ஒட்டியிருப்பா. மொகங்கழுவப் போனா இவளுகளுக்கு அதே பழக்கம்."

பிரியந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பொட்டு இருந்தது.

"செவத்துல இல்ல தாத்தா," சுலக்ஷனா குரலைத் தாழ்த்தினாள். "செவத்துக்கு முன்னால, வெறும் எடத்துல. எல்லாப் படத்துலயும் பொருந்துது."

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்த உயரம் என்றேன். அவள் காற்றில் கையை நீட்டினாள்.

அழகம்மாவின் நெற்றி.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் செத்தன்றைக்கும் இப்படித்தான்.

"அப்பா, போயிருவோம்," என்றாள் பிரியந்தி.

"எதுக்கு? அதான் செவரு அசையலங்கிறாங்களே."

சுலக்ஷனா இன்னொரு தடவை எடுத்துப் பொருத்தினாள். சுவரின் வட்டங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

அது மட்டும் கதவுப்பக்கம் வந்திருந்தது.

கதவில் நான்தான் நின்றேன்.

"கிறுக்குப் புடிச்ச மிஷினு," என்று சொல்லிவிட்டுப் பாதையில் இறங்கினேன். பின்னால் கேமரா சத்தம். கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம்.

பிறகு பிரியந்தி கத்தினாள். என்னைப் பார்த்து அல்ல.

"அம்மா, அப்பாவ விட்டுரும்மா!"

நான் திரும்பவில்லை. ஈரப்புல்லில் இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்டது. பனி இறங்கினால் இந்தப் பாதை அப்படித்தான் எதிரொலிக்கும்.