ரத்தம் நின்றால் போதும்

தலையணை உறை வெள்ளையாக இருந்தது. மகளுக்குப் பிளேட்லெட் குறைந்ததிலிருந்து, ஈறிலும் மூக்கிலும் கசிந்த ரத்தத்தை அலசி அலசியே கை ஓய்ந்துபோன தையல்காரிக்கு, அதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை. உறையில் பச்சை இலையைக் கசக்கிய வாடை. அதற்கடியில் அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை.

எந்த மருந்தும் கேட்காமல் போன பிறகுதான் டாக்டர் அந்தப் புட்டியைக் கொடுத்தார். ஏதோ விதையிலிருந்து எடுத்த கொழுப்பாம்.

"பிளேட்லெட் ஏறும்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா ரத்தம் நின்னுடும்."

"நின்னா போதும் டாக்டர். வேற எதுவும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து, "ஒரே ஒரு வாய், என் தங்கமில்ல" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியதும் அவள்தான்.

மகள் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகளில் கடுகு இறைத்தது போலிருந்த சிவப்புப் புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை.

"ரத்தம் நின்னுடுச்சும்மா."

தையல்காரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எத்தனையோ இரவு காதை வைத்துக் கேட்ட நெஞ்சு அது. இப்போதும் காதை வைத்தாள். வெளியே மழை சொட்டுவது கேட்டது, சுவர்க் கடிகாரம் கேட்டது, தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்டது. மகளின் நெஞ்சில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. அழுத்திய விரல் பள்ளமாகப் பதிந்தது. பள்ளம் அப்படியே நின்றது.

பிடித்த கையை இழுத்தாள். "குட்டி... வா, டாக்டர்கிட்ட போலாம்."

"எதுக்கு? நீதானேம்மா கேட்ட?"

மகளின் கை ஊசியை எடுத்தது. குத்தினால் ரத்தம் நிற்காதே என்று, இத்தனை நாளும் மகள் கண்ணில் படாமல் தையல்காரி ஒளித்துவைத்த ஊசி. பதறிப் பிடுங்கப் போனாள் தையல்காரி. அவள் விரலில்தான் குத்தியது. ரத்தம் முத்தாகத் திரண்டு வழிந்தது.

மகள் அதையே பார்த்தாள். பிறகு ஊசியைத் அதன் காது வரை தன் உள்ளங்கையில் இறக்கினாள். முகம் சுளிக்கவில்லை. உருவினாள். வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. உறைந்தது.

"உனக்கு நிக்கவே இல்லையேம்மா."

தையல்காரியால் எழ முடியவில்லை. கழுத்தைச் சுற்றி மகளின் கை. சில்லென்று. கனமாக. புட்டி திறந்தது. இலை வாடை. உதட்டில் ஸ்பூன்.

"ஒரே ஒரு வாய்ம்மா," என்று குனிந்து சிரித்தாள் மகள். பல்லுக்கு மேலே ஈறு மெழுகாக வெளுத்திருந்தது. "என் தங்கமில்ல."