முகம் தெளியட்டும் என்று

காலையில் அவன்தான் கடையைத் திறப்பான். ஷட்டரைத் தூக்குவான். விளக்கைப் போடுவான். இன்சுலின் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜில் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். கண்ணாடி மேஜையை ஈரத்துணியால் துடைப்பான். தேதி முடிந்த மாத்திரை அட்டைகளைப் பொறுக்கித் தனி டப்பாவில் போடுவான். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, பின்னறைக் கண்ணாடியில் தலை வாருவான். கன்னத்தைப் பார்க்க மாட்டான். பதினாறு வயதில் கிள்ளிக் கிள்ளி எடுத்த பருக்கள் முப்பது வயதிலும் குழிகளாக அங்கேயே இருந்தன.

மருந்துக்கடை அவனுடைய மாமாவுடையது. பார்மஸி படித்தவன் அவன். கல்லாவில் உட்கார்வது மாமா.

அன்றும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். முகத்தில் மாஸ்க். அதற்கு மேலே கண்கள் மட்டும்... பெரிய கண்கள். மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்து, கோபமாக.

காலி டியூப் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல ஒண்ணு குடுங்க."

எடுத்துப் பார்த்தான். "டாக்டர் சீட்டு இருக்கா?"

"க்ரீமுக்கு எதுக்குச் சீட்டு? பக்கத்துத் தெருவுல கேக்காமலே குடுக்கறாங்க."

"அப்ப பக்கத்துத் தெருவுலயே வாங்கிக்குங்க."

"அந்தக் கடை திறக்கல. இல்லன்னா காலங்காத்தால உங்க மூஞ்சியில முழிப்பேனா?"

கல்லாவிலிருந்து மாமா இருமினார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்குங்க," என்றான். "போட்ட கொஞ்ச நாள் பளபளன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, பரு கொத்துக் கொத்தா வரும். உங்களுக்கு வந்தாச்சு போல. அதான் மாஸ்க்."

அந்தக் கண்கள் இமைக்காமல் நின்றன.

"நான் மருந்து கேட்டேன். ஜோசியம் கேக்கல."

விருட்டென்று போய்விட்டாள்.

"மாப்ளே, மருந்துக்கடையில மருந்தைப் பத்தி மட்டும் பேசு," என்றார் மாமா. "மூஞ்சியைப் பத்திப் பேசினா கடையை மூடிட்டு நாம ரெண்டு பேரும் பல்லாங்குழி ஆட வேண்டியதுதான்."

அந்தக் கண்கள் அவன் மனசை விட்டுப் போகவில்லை. சொன்ன விதம் தப்பு... கடை நடுவில், சத்தமாக.

இரண்டு வாரம் கழித்து அவளே வந்தாள். மாமா சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஜோசியரே..." என்றாள். "பலிச்சிடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

பெரிய ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தாள். இப்போது இல்லை. மானேஜர் கூப்பிட்டு, முகம் சரியாகிற வரைக்கும் உள்ளே டெலிபோன் அறையில் உட்காரச் சொல்லிவிட்டார்.

"திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். 'பாவம்மா நீ'ன்னு சொன்னார் பாருங்க... யார் என்ன வேணா சொல்லட்டும். பாவம் மட்டும் யாரும் பார்க்கக் கூடாது எனக்கு."

இந்த வார்த்தை அவனுக்குள் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு இருபத்தெட்டு வயசு ஆவுது. பரு பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குத்தானே வரும்?"

"முப்பது தாண்டியும் வரும். பொம்பளைங்களுக்கு இன்னும் சகஜம். உடம்புல ஹார்மோன் ஏறி இறங்கும், எண்ணெய்ச் சுரப்பி அடைச்சுக்கும். அழுக்கு இல்ல. உங்க தப்பும் இல்ல."

"அக்கா பற்பசை தடவச் சொல்றா."

"அக்காவைப் பல்லு தேய்க்கச் சொல்லுங்க."

சிரித்தாள். மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணில் தெரியும் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

தோல் டாக்டரிடம் அனுப்பினான். சீட்டோடு திரும்பி வந்தாள். மருந்தை எடுத்துவைத்துச் சொன்னான்: "ராத்திரி முகத்தைக் கழுவித் துடைச்சிட்டு, ஒரு பட்டாணி அளவு. பரு மேல மட்டும் இல்ல, முகம் முழுக்க. பகல்ல வெயிலுக்கு இந்தக் க்ரீம். முதல்ல தோல் உரியும், சிவக்கும், பரு கூடின மாதிரி இருக்கும். பயந்து நிறுத்திடக் கூடாது. மூணு மாசம் பொறுக்கணும். கிள்ளக் கூடாது."

"கிள்ளினா?"

"இப்படி ஆயிடும்." தன் கன்னத்தைக் காட்டினான். எவரிடமும் அவன் அதைக் காட்டியதில்லை.

அவள் அந்தக் கன்னத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன்... நல்லாத்தானே இருக்கு?"

அடுத்து வந்தவர் கேட்டது தலைவலி மாத்திரை. அவன் எடுத்துக் கொடுத்தது வயிற்றுவலிக்கு. அவர் திட்டிக்கொண்டே மாற்றி வாங்கிப் போனார்.

அதன் பிறகு வேலை முடிந்து போகும்போதெல்லாம் வந்தாள். ஒரு நாள் பஞ்சு. ஒரு நாள் காயத்துக்கு ஒட்டும் பட்டை. ஒரு நாள் எதுவுமே இல்லை. "ஜோசியரே, இன்னிக்கு என் ராசிக்கு என்ன?" என்பாள். "வெயில்ல அலையக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்பான். டெலிபோனில் யார் யார் எப்படிக் கத்தினார்கள் என்று குரலை மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவாள். அவள் போன பிறகும் கடைக்குள் அந்தக் குரல்கள் இருக்கும்.

"டேய்," என்றார் மாமா, "அந்தப் பொண்ணு வாங்கின பஞ்சுல ஒரு மெத்தையே தைக்கலாம். அது பஞ்சுக்கா வருது? வாயைத் தொறந்து கேளுடா."

"நேரம் வரட்டும் மாமா."

"மருந்துக்குத்தாண்டா வேளை பார்க்கணும்."

அவனுக்குச் சொல்ல ஆசைதான். இப்போது சொன்னால் பாவம் பார்த்துச் சொல்கிறான் என்று நினைப்பாள்... அதை அவளால் தாங்க முடியாது. முகம் தெளியட்டும். ஓட்டலின் ரிசப்ஷன் மேஜைக்கு அவள் திரும்பப் போகட்டும். நிமிர்ந்து நிற்கிறவளிடம் போய்க் கேட்பதுதான் மரியாதை. அப்படித்தான் அவன் நினைத்தான்.

ஒரு சாயங்காலம் மழை. மாமா கிளம்பிவிட்டார். தெரு காலி. அவள் நனைந்துகொண்டே ஓடிவந்து கடைக்குள் ஏறினாள். ஈரத்தில் மாஸ்க் மூக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, மெதுவாக அதைக் கழற்றினாள்.

அந்த முகத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மருந்து வேலை செய்யத் தொடங்கிய நாட்கள். கன்னமெல்லாம் சிவந்து உரிந்திருந்தது. தாடையில் பெரிய பருக்கள். அவற்றின் மேல் மழைத்தண்ணீர் வழிந்தது. கீழுதட்டின் ஓரத்தில் ஒரு மச்சம். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு ஜோசியரே?"

குரலில் விளையாட்டு இல்லை. கையில் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது... இல்லை. இன்றைக்கு வேண்டாம். இந்த முகத்தைப் பார்த்ததும் சொன்னால் அது பாவம் என்றுதான் ஆகும்.

"ஆரம்பத்துல இப்படித்தாங்க இருக்கும்," என்றான். "இன்னும் ரெண்டு மாசம். சரியாயிடும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"ம்... சரியாயிடும்."

ஈர மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். மழை விடுவதற்குள் இறங்கிப் போய்விட்டாள். நல்லபடியாகத் தைரியம் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே அவன் ஷட்டரை இறக்கினான்.

அதன் பிறகு வருவது குறைந்தது. மருந்து தீர்ந்தால் வருவாள், வாங்குவாள், போவாள். டெலிபோன் குரல்கள் இல்லை. வேலை அதிகம் போல என்று அவன் நினைத்தான்.

பிறகு ஒரு நாள் மாஸ்க் இல்லாமல் வந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. லேசான தழும்பு நிறம் மட்டும், அங்கங்கே. ரிசப்ஷன் மேஜைக்குத் திரும்பிவிட்டாளாம். டாக்டர் மருந்தைத் தொடரச் சொன்னாராம். சீட்டை நீட்டினாள்.

அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். மாமா திடீரென்று பின்னறையில் வேலை இருப்பதாக எழுந்து போனார்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான். "கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியது.

"இன்னிக்கா கேக்கறீங்க?"

"முன்னாடியே கேட்டிருப்பேன். பாவம் பார்க்கறேன்னு நெனச்சிடுவீங்களோன்னுதான்... முகம் தெளியட்டும்னு..."

"தெளிஞ்சிடுச்சு," என்றாள். "இப்ப எல்லாருக்கும் பிடிக்குது. மானேஜர் தன் தம்பிக்குக் கேக்கறார். அன்னிக்குப் பாவம்னு சொன்ன அதே மானேஜர்."

"எனக்கு அப்பவே..."

"இருக்கலாம். நம்பணும்னுதான் ஆசையா இருக்கு. ஆனா இனிமே எப்படி நம்பறது? அன்னிக்கு மழையில நான் உங்க முன்னால நின்னேன். நீங்க பருவைப் பார்த்தீங்க. மருந்து பேசினீங்க."

அவன் மருந்தைப் பையில் போட்டுக் கொடுத்தான். கை அதைத்தான் செய்தது.

அவள் பிறகு வரவில்லை. வேறு ஊரில் இருக்கிற ஓட்டலின் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று மாமா கேள்விப்பட்டு வந்து சொன்னார். "அப்படி என்னடா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் என்று அவன் பொய் சொன்னான். அதற்குப் பிறகு பல தடவை, அவள் சொன்னதை மனசுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். திட்டியிருந்தால்... காத்திருங்கள் என்றிருந்தால்...

அன்று மருந்தை வாங்கிக்கொண்டு வாசல் படியில் இறங்கும்போது, திரும்பாமல், அவள் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க ஒருத்தருக்காவது அந்த மூஞ்சியே போதும்னு நெனச்சேன்."