ராசா, மந்திரிக்கு ஒரு குழி

ராசா ஒரு குழி தோண்டினால் மந்திரி இரண்டு தோண்டும். பேரைக் கேட்டு அரண்மனைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்கள். எழுந்து நின்றால் பத்து வயதுச் சிவந்தியின் மார்பு உயரம் இருக்கும். உடம்பெல்லாம் கம்பளி போர்த்திய மாதிரி அடர்ந்த முடி.

துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், சுதந்திரம் வந்ததும் தன் நாட்டுக்குக் கப்பலேறினார். நாய்களைக் கட்டியது கட்டியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பூட்டிய பங்களாவுக்குள் அவை ஊளையிடுவதைக் கேட்ட சிவந்திக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றை உருட்டி எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தாள். சங்கிலிகளைக் கழற்றிவிட்டு அவள் திரும்பியபோது இரண்டும் பின்னாலேயே வந்துவிட்டன. சங்கிலி அறுத்த கழுத்துப் புண் ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று.

சிவந்தியின் அப்பா மாசானம் ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருந்தார். தெற்கேயிருந்து வரும் வற்றலை, மண்டிக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் உலர்த்தித்தான் விற்பார்கள். மறு வருடம் கோடை விடுமுறை விட்டதும் அவர் சிவந்தியைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, முத்தம் பூராவும் குழியாக் கெடக்கு. வத்தலை எங்க காயப் போட? யானைக்கவுனி வியாபாரி ஒருத்தரு, சரக்கு அடுக்குத கிட்டங்கிக்குக் காவலுக்குப் பெரிய நாயாக் கேக்காரு. குடுத்துரலாம்னு பாக்கேன்.”

“அங்க என்ன செய்வாங்க ஐயா?”

“கட்டிப் போடுவாங்க. வேற என்ன செய்வாங்க?”

சிவந்தியின் கை தானாகவே ராசாவின் கழுத்துத் தழும்புக்குப் போனது.

“வத்தல் மூட்டை வாரதுக்குள்ள நான் முத்தத்தைச் சரி பண்ணிருதேன். ஒரு குழிகூட இருக்காது. இருந்தா நீங்க குடுத்துருங்க” என்றாள்.

சொல்லிவிட்டு, முற்றத்துக் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

அன்றே வேலையைத் தொடங்கினாள். குழிகளை மண் போட்டு மூடினாள். குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டிச் சமன் செய்தாள். சாணத்தைக் கரைத்து வழவழவென்று மெழுகினாள். உள்ளங்கை காய்த்துப் போனது. மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், மெழுகிய இடத்தின் நட்டநடுவில் புத்தம் புதுக் குழி!

இன்னும் நிறையத் தண்ணீர் விட்டு இறுக்கினால் தோண்ட முடியாது என்று சிவந்தி கணக்குப் போட்டாள். நாய்கள் வேறு கணக்குப் போட்டன. அவள் தண்ணீர் விட விட, குழிகள் பெருகிக்கொண்டே போயின.

கைவண்டிக்கார மாரியப்பன் இதையெல்லாம் மூட்டை அடுக்கின் உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். நாய்கள் வந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் இடம்.

“இன்னா பாப்பா, நீ மூட மூட அதுங்க தோண்டிக்கினே கீது. ஒரே பேஜாரு! யானைக்கவுனிக்கே போவட்டும், வுட்டுத் தள்ளு.”

“விட மாட்டேன்! நீங்க முதல்ல கீழ எறங்குங்க, மாரியண்ணே.”

“அதுங்க இன்னா பண்ணுது?”

“தூங்குது.”

“தூக்கத்துல கடிக்காதுன்னு இன்னா நிச்சயம்?”

அன்று உச்சி வெயிலில் மறுபடியும் மண் பறக்கும் சத்தம் கேட்டது. சிவந்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பாதி முற்றம் போவதற்குள் பாதம் பொசுங்கியது. “ஐயோ, அம்மா” என்று துள்ளிக் குதித்து, ராசா தோண்டிய குழிக்குள்ளேயே விழுந்தாள்.

குழி ஜில்லென்று இருந்தது!

ராசா நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. சிவந்தி அதன் முடிக்குள் கையை விட்டாள். சுடு பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. குளிர் தேசத்து முடி, ராயபுரத்து வெயில்!

“அடப் பாவமே! தண்ணி தெளிச்சு உங்களைக் கூப்பிட்டதே நான்தானா?”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பாவம், எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள்! ஆனால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த பூவரச மரத்தடிக்குப் போய்க் கொத்தத் தொடங்கினாள்.

“இன்னா பாப்பா, நீயும் அதுங்களோட சேந்துகினியா?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“மாரியண்ணே, கடற்கரையில இருந்து ஒரு வண்டி மணல் கொண்டாந்து குடுங்க. ராசா உங்க பக்கம் வராம நான் பாத்துக்கிடுதேன்.”

கொத்திய இடத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியதுதான் தாமதம், மிச்சத்தை நாய்களே தோண்டிவிட்டன. தோண்டியதற்காக அவை முதல் முறையாகச் “சபாஷ்” வாங்கின. குழியில் மணலைப் பரப்பி, காலையும் மத்தியானமும் தண்ணீர் ஊற்றினாள். பிறகு முற்றத்தை மறுபடியும் மூடி, தட்டி, மெழுகினாள்.

மூட்டைகள் வருவதற்கு முதல் நாள் யானைக்கவுனியிலிருந்து ஆள் வந்தார். கையில் இரண்டு சங்கிலிகள். அந்தச் சத்தம் கேட்டதும் மந்திரி சிவந்தியின் பின்னால் ஒளிந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அவள் பின்னால் எங்கே மறையும்!

“கொஞ்சம் இருங்க, வெயில் ஏறட்டும்” என்றார் மாசானம்.

வெயில் ஏறியது. அப்போதுதான் மெழுகிய முற்றம் ஈரத்தோடு பளபளத்தது. கிணற்றடியில் படுத்திருந்த ராசா எழுந்து வந்தது. நடு முற்றத்தில் நின்றது. மோந்து பார்த்தது. முன்னங்காலால் ஒரு பிராண்டு பிராண்டியது.

ஆள் சங்கிலியை எடுத்தார்.

சிவந்தி கத்தவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பூவரச மரத்தடிக்கு ஓடிப் போய், குழிக்குள் சளப்பென்று கவிழ்த்தாள். ராசாவின் காது நிமிர்ந்தது. ஒரே பாய்ச்சலில் குழிக்குள் விழுந்தது. பின்னாலேயே மந்திரியும். மாசானத்தின் வெள்ளை வேட்டி சேறாயிற்று.

அவர் வேட்டியைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். பிராண்டிய இடத்தைச் சிவந்தி ஓடி வந்து கையாலேயே தடவிச் சரி செய்வதையும் பார்த்தார்.

“தம்பி, சங்கிலியைக் கொண்டு போயிருங்க. நாய் குடுக்கதா இல்லன்னு மொதலாளிகிட்டச் சொல்லிருங்க.”

பிறகு குழியருகே போய்க் குனிந்து பார்த்தார்.

“ஏட்டி சிவந்தி, மந்திரிக்குப் பின்னங்காலு வெளிய கெடக்கு பாரு. நாளைக்கு இந்தக் குழியை இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டு!”