சுமை கேட்கும் முதுகு

இந்துமதி தன் கணவனைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். தூக்கும்போது பேச்சை நிறுத்தவில்லை. தண்ணீர் லாரி வராததைப் பற்றித் தொடங்கிய புலம்பல், அவன் நாற்காலியில் அமர்ந்த பிறகும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எழுபது கிலோ ஆளைத் தூக்கியதற்கு அடையாளமாக ஒரு பெருமூச்சுகூட இல்லை.

"முதுகு எப்படி இருக்குது?" என்று நவநீதன் பழக்க தோஷத்தில் கேட்டான்.

"முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சுங்க" என்று அவள் சிரித்தாள்.

அவள் மட்டுமல்ல, திருப்பூரே மறந்துவிட்டிருந்தது. முதுகுத் தசை அழன்று வீங்கினால் முன்பெல்லாம் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமா? முதலில் ஐஸ் ஒத்தடம், அப்புறம் வெந்நீர்ப் பை, வயிற்றைப் புரட்டும் வலி மாத்திரை, வீடு முழுக்க நாறும் தைலம், இடுப்பில் அகலப் பட்டை. "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பார் டாக்டர். "ரொம்பவும் படுத்தே கிடக்காதீங்க" என்பவரும் அதே டாக்டர்தான்.

இந்தக் கூத்தெல்லாம் தணியுயிர் வந்ததும் முடிந்தது. அது ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி. இடுப்புக்கு மேலே ஒரே ஊசி. முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் நீளத் தசைகளில் அது குடியேறிவிடும். அதிகச் சுமை தூக்கித் தசைநார் கிழியும்போது வரும் வீக்கம்தான் அதற்குச் சாப்பாடு. வீங்க வீங்கத் தின்றுவிட்டு, கிழிந்த நாரையும் ஒட்டிக் கொடுத்துவிடும். வீட்டைப் பழுதுபார்த்துத் தரும் குடித்தனக்காரர் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். சாப்பாடு கிடைக்காத நாளில் அந்தக் குடித்தனக்காரர் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. வலி போகிறது என்றால் நாம் எதைத்தான் கேட்போம்?

நவநீதன் சாயப்பட்டறை ஒன்றில் குழாய் பூட்டும்போது மேல்தளத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவனைத் தூக்கி இறக்கியே முதல் சில மாதங்களில் இந்துமதியின் முதுகும் போயிற்று. ஒரு நாள் காலை இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, யார் எழுந்து காபி போடுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் மாட்டி ஆளைத் தூக்கும் ஏந்துபொறி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அவளுக்கு ஊசியும் போட்டார்கள்.

ஊசி போட்டு வீடு வந்தவள் முதலில் தூக்கியது அவனைத்தான். அந்த வாரமே ஏந்துபொறியைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"நான் இருக்கறப்ப அதெதுக்குங்க?"

அவன் நெகிழ்ந்துபோனான். அவள் சமையலறைக்குப் போன பிறகு கொஞ்சம் அழுதான்கூட.

இரண்டாண்டுகள் கழித்து அவனுக்கு நரம்புப் பாலம் வைத்தார்கள். அறுந்த நரம்பின் இரு முனைகளையும் இணைக்கும் மெல்லிய இழை அது. கால் விரல்கள் அசைந்தன. பிறகு முழங்கால். இந்துமதி பனியன் கம்பெனிக்குப் போனதும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினான். அவளிடம் மூச்சுவிடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது, எதையும் பிடிக்காமல் கூடத்தின் நடுவில் நின்றான்.

கையிலிருந்த பை விழுந்தது. "சாமி! நின்னுட்டீங்களே!" என்று அழுதுகொண்டே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வேகத்தில் அவன் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. அப்படியே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

சந்தோஷத்தில் செய்கிறாள் என்று நினைத்தான். மறுநாள் பல் துலக்க எழுந்து நின்றான், தூக்கினாள். சாப்பிட்டுக் கை கழுவப் போனான். பாதி வழியில் தூக்கினாள்.

"எறக்கி உடு இந்து. நான் நடக்கறேன்."

"ஆமாங்க, நடங்க" என்றாள், அவனைச் சுமந்துகொண்டே.

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி எதுவும் இல்லை. அவன் நடப்பதில் அவளுக்கு உண்மையாகவே மகிழ்ச்சிதான். அவள் கைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"ஏம்புள்ள இப்படிப் பண்றே?"

"தெரியலீங்க. உங்களப் பாத்தா முதுகுக்குள்ள ஒரு ஊறல் மாதிரி வருது. தூக்குனாத்தான் அடங்குது."

"நாளைக்கு ஒரு நாள் என்னத் தொடாம இருந்து பாரு."

"சரிங்க" என்று தலையாட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தோசை கருகியது. அவள் அடுப்பை விட்டுவிட்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பின்கட்டில் ஏதோ உரசும் சத்தம் கேட்டு நவநீதன் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். தண்ணீரும் துணியும் நிறைந்த சலவை இயந்திரத்தை அவள் இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். நாலடி நடந்து வைத்தாள். திரும்பத் தூக்கினாள். தகரம் அறுத்து உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. எவ்வளவு சாப்பிட்டும் வயிறு நிறையாத ஆளின் தவிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"இந்து!"

"தொடலீங்க நான் உங்கள" என்றாள் பெருமையாக.

உதவிக்கு யாரையாவது கூப்பிடலாம் என்று ஜன்னலுக்குப் போனான். எதிர்வீட்டு வங்கி மேலாளர் சமையல் எரிவாயு உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகவே அவர் உருளையோடு போவதைப் பார்த்திருக்கிறான். அடிக்கடி தீர்ந்துபோகிறது போலும் என்று நினைத்திருந்தான். இப்போது நின்று கவனித்தான். மேலாளர் மொட்டை மாடியைத் தொட்டார், இறங்கினார், வாசலில் வைத்தார், மறுபடி தோளில் ஏற்றினார். அதே உருளை. நவநீதனைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தார். தெருக்கோடியில் யாரோ சிமென்ட் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார். தெரு முழுக்க ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. 

ஊசி போட்ட டாக்டர் ஹேமலதாவிடம் மறுநாளே போனார்கள். உள்ளே நுழைந்தபோது டாக்டர், நோயாளியைப் படுக்க வைக்கும் இரும்பு மேசையைத் தனி ஆளாகத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. என்ன பிரச்சினை?"

நவநீதன் மேசையைப் பார்த்தான். "நீங்களும் போட்டிருக்கீங்களாங்க?"

"இந்த ஊர்ல முதல்ல போட்டுக்கிட்டதே நான்தான்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் ஒளிக்காமல் பேசினார். அந்த மட்டில் அவரைப் பாராட்ட வேண்டும்.

"வீக்கம் இல்லேன்னா அதுக்குச் சாப்பாடு இல்ல. பட்டினி கிடந்தா நரம்புக்குள்ள ஏதோ ஒண்ணைச் சுரக்குது. அது மூளைக்குப் போகும்போது பசின்னு தெரியாது. நம்ம ஆசை மாதிரியே இருக்கும்."

"அப்ப வேற எதையாவது தூக்கட்டுமுங்க. கல்லு, மூட்டை..."

"தூக்கலாம். பசி அடங்காது. ஒவ்வொரு சுமைக்கும் முதுகு வேற வேற இடத்துல இழுபடும். ஊசி போட்டதும் முதல்ல எதத் தூக்கினோமோ, அந்தச் சுமையால வர்ற வீக்கத்தத் தின்னுதான் அது வளருது. அப்புறம் அந்தச் சாப்பாடுதான் வேணும்னு கேக்குது. எனக்கு இந்த மேசை. உங்க மனைவிக்கு..." என்று நிறுத்தினார்.

இந்துமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மத்ததைத் தூக்கினா திருப்தி வராம தூக்கிட்டே இருப்பாங்க. வலிதான் நம்மள நிறுத்துற காவல்காரன். அவன்தான் இப்ப வேலையில இல்லையே. ஒரு நாள் எலும்பு ஒடியும். அதைச் சரிபண்ண தணியுயிருக்குத் தெரியாது."

"எடுத்துருங்க டாக்டர்."

"கொல்ல மருந்து இருக்கு. ஆனா செத்ததெல்லாம் தசைக்குள்ளயே கிடக்கும். மொத்த முதுகும் அழலும். இத்தனை நாள் படாத வலியெல்லாம் சேர்ந்து வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாயிடும்."

"அப்பறம் நீங்க ஏன் எடுக்கலீங்க?"

 "ஒரு நிமிஷம்" என்று டாக்டர் எழுந்து போய் மேசையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

நவநீதன் மனைவியின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டான். "எடுத்தர்லாம் புள்ள. ஒத்தடம் குடுக்கறேன், வெந்நி வெச்சுத் தர்றேன். நீ எனக்குப் பண்ணுனதையெல்லாம் நான் உனக்குப் பண்றேன். இப்பத்தான் எனக்குக் கால் இருக்குதே."

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க. வலிக்குப் பயந்துட்டுச் சொல்லலீங்க. உங்களத் தூக்கறப்ப மட்டுந்தான் மனசு நெறஞ்சு இருக்குது. அத எடுத்துட்டா, அப்பறம் உங்க மேல ஒண்ணுமே இல்லாமப் போயிருச்சுன்னா என்னங்க பண்றது?"

அந்தப் பயம் அவனுக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் வற்புறுத்த அவனால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடிவாதமாக நடந்தான். அவள் பக்கம் வரும்போதெல்லாம் விலகினான். அவள் இரும்புக் கட்டிலைத் தூக்கினாள், நிரம்பிய தண்ணீர் டிரம்மைத் தூக்கினாள். கட்டிலை மூன்றாம் முறை தூக்கியபோது அவள் முதுகுக்குள்ளிருந்து முருங்கைக்காய் ஒடிவது போல ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க சத்தம்?" என்று சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் சொன்ன எலும்பு ஒடியத் தொடங்கிவிட்டது என்று நவநீதனுக்குத் தோன்றியது. போய்த் தன் கட்டிலில் படுத்துக்கொண்டான். கால்களைத் தளர விட்டான்.

"இந்து, என்னை அந்த நாக்காலில உக்கார வெய்யி."

அவள் டிரம்மைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தாள். கைகளை அவன் முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய கணத்தில் அவள் முகம் குளிர்ந்ததைப் பார்த்தபோது, கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று அந்த முகத்துக்கு வேறு காரணம் இருந்தது என்று நினைத்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. அவள் கம்பெனிக்குப் போனதும் அவன் நடப்பான். அவள் வரும் நேரத்துக்குப் படுத்துவிடுவான். அவளுக்கும் தெரியும், கேட்கமாட்டாள். உலகத்தில் எத்தனையோ தம்பதிகள் இதைவிடப் பெரிய பொய்களோடு குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஆனால் தணியுயிர் ஒட்டிய தசை முன்னைவிட உறுதியாகும். எழுபது கிலோவுக்கு அவள் முதுகு கிழிவது நின்றது. கிழியாவிட்டால் வீக்கம் இல்லை, வீக்கம் இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. தசை இப்படி இறுகிவிடும் என்று டாக்டர்கூட அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ புரிந்தது. அவன் தட்டில் இட்லி நாலு ஆறானது. பருப்பில் நெய் மிதந்தது. சாயங்காலத்துக்குப் பணியாரம், படுக்கும் முன் பனங்கற்கண்டு போட்ட பால். சாப்பாட்டில் அவள் கை இப்படித் தாராளமாகி அவன் பார்த்ததில்லை. வயிறு முன்னே வந்தது, சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பகலில் நடக்கும்போது, இப்போதுதான் உயிர் வந்த கால்கள் புதிய பாரத்தைத் தாங்காமல் நடுங்கின.

ஒரு நாள் அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். அவன் சுவரை விட்டுக் கையெடுத்திருந்த நேரம். முழங்கால் மடங்கியது. விழுகிறோம் என்று அவன் நினைத்து முடிப்பதற்குள் அவள் கைகளில் இருந்தான்.

"நான் இருக்கறப்ப என்னங்க?" என்று அவன் காதருகே சொன்னாள்.

அதன் பிறகு அவன் எவ்வளவு முயன்றும் கால்கள் அவனை எழுப்பவில்லை.

இன்று காலை கட்டிலருகே தட்டோடு வந்து உட்கார்ந்தாள். நெய்யில் முறுகிய தோசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"போதும் இந்து. வயிறு முட்டுது."

"இன்னும் ரெண்டே ரெண்டு." அவன் மேல்கையைப் பிடித்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். "மெலிஞ்சு போயிட்டீங்க."

அவன் அவள் கண்களைப் பார்த்தான். அதில் பிரியம்தான் இருந்தது. அப்பட்டமான, சந்தேகமே இல்லாத பிரியம்.

"இதச் சொல்றது நீயா, உள்ள இருக்கறதா?"

இந்துமதி கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தபடி நன்றாக யோசித்தாள்.

"தெரியலீங்க" என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பசிதானுங்க."

கையை நீட்டினாள். நவநீதன் வாயைத் திறந்தான்.