ஆறாவது பாட்டில் ஒரு கசங்கல்

டேப்ரெக்கார்டர் பாடுவதை நிறுத்திவிட்டு, கேசட்டைத் தின்ன ஆரம்பித்தது.

“கர்ர்ர்ர்!”

தாட்சாயிணி பாய்ந்துபோய் பட்டனை அமுக்கினாள். மூடியைத் திறந்தால், பழுப்பு நாடா இடியாப்பம் மாதிரி சுருண்டு வெளியே வந்தது.

“அக்கா, போச்சு! கேசட்டு செத்துப்போச்சு!” என்றான் தம்பி சபேசன்.

“வாய மூடுறா!” என்றாள் அவள்.

அது வகுப்புத் தோழி ஆரோக்கியமேரியின் கேசட். மேரியின் அம்மா ராசம்மாள், கல்யாணத்துக்கு முன்னால் கடலூர் முதுநகரில் ஒரு பாட்டுக் குழுவில் இருந்தார். அந்தக் குழு போட்ட ஒரே ஆல்பம் இது. ஊரெல்லாம் சிடி வந்துவிட்டது. இதை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. “அம்மாகிட்ட கெஞ்சி வாங்கியாந்தேன், பத்திரம்டி” என்று சொல்லித்தான் மேரி கொடுத்தாள்.

எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்கத் தாட்சாயிணிக்குப் பொறுமை கிடையாது. பாதியிலேயே ஃபார்வர்டு! அப்படி ஓட்டி ஓட்டித்தான் நாடா சிக்கிவிட்டது.

பென்சிலைச் சொருகிச் சுற்றி, நாடாவை உள்ளே அனுப்பினாள். எந்தப் பாட்டு கெட்டது? முழுசாகக் கேட்டால்தான் தெரியும். விரல் சும்மா இருக்காதே! இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு புல்லாங்குழலோடு துள்ளியது. நல்லவேளை, பழுது இல்லை. நாலாவது பாட்டில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழலில் துள்ளிய அதே மெட்டு! இங்கே தாலாட்டாக மெல்ல ஆடியது.

“டேய், இது அதுதான்டா!”

“எது எதுக்கா?”

“சும்மா கேளு!”

ஆறாவது பாட்டு, ராசம்மாள் தனியாகப் பாடியது. குரல் உச்சிக்கு ஏறும் நேரம், தண்ணிக்குள் முங்கிய மாதிரி “குளுகுளு” என்றது.

தாட்சாயிணி முகத்தை மூடிக்கொண்டாள்.

“சொல்லாம குடுத்துடுக்கா. அவுங்க வூட்டு டேப்பு தின்னுச்சுன்னு நெனச்சுக்குவாங்க.”

“அப்ப மேரிதான்டா திட்டு வாங்குவா!”

சாயங்காலமே வண்டிகேட் பக்கம் மேரி வீட்டுக்கு ஓடினாள்.

“ஆன்ட்டி, நான்தான் கெடுத்துட்டேன். மேரிய திட்டாதீங்க.”

மேரி அதிர்ந்து நின்றாள். ராசம்மாள் முகம் சுருங்கியது. “எந்த எடம்?”

“ஆறாவது பாட்டு. மீதியெல்லாம் நல்லாருக்கு. மொத பாட்டுக் குழல்தான் நாலாவதுல தாலாட்டா வருது, அதுகூட நல்லாருக்கு…”

“என்ன சொன்ன?” ராசம்மாள் கண்ணை அகல விரித்தார். “அது வேணும்னே அப்புடி வெச்சது. இத்தினி வருசத்துல ஒருத்தர்கூட கண்டுபுடிக்கல! எங்க வூட்லயே நான் பாடுற பாட்ட மட்டும்தான் போடுவாங்க.”

“நானும்தாம்மா,” என்று மேரி நெளிந்தாள்.

ராசம்மாள் கேசட்டை முதலிலிருந்து போட்டார். மூவரும் நகராமல் கேட்டார்கள். ஆறாவது பாட்டு வந்தது. குரல் ஏறியது. “குளு…”

சட்டென்று ராசம்மாளே வாய் திறந்து பாடினார். கசங்கிய இடத்தை அப்படியே தாண்டிக் கொண்டுபோய், கேசட்டுக் குரலிடம் பாட்டை ஒப்படைத்தார்.

மேரிக்கு வாய் பிளந்துவிட்டது. அம்மா வீட்டில் பாடி அவள் கேட்டதே இல்லை.

“அம்மா, இன்னொரு தடவ போடும்மா!”

“பாட்டையா?”

“இல்லம்மா, அந்தக் கசங்கின எடத்த!”