பாப்பிரஸ் மேல் மூச்சு விடாதே!

டெலிபோன் அலறியது.

எடுக்க வேண்டியவர் மேஜைக்கு அடியில் கிடந்தார். பின்மண்டை பிளந்து... பிணமாக!

பெயர் வதீ புத்ரோஸ். எகிப்தில், மின்யா நகர அருங்காட்சியகத்தில் பழைய பாப்பிரஸ் சுவடிகளைச் செப்பனிடுகிறவர். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரே ஒரு நாணல் தாள் அவர் மேஜையில் இருந்தது. கோப்து கிறிஸ்தவர்கள் எழுதி வைத்த விடியற்காலைத் துதிப்பாட்டு. வயது ஆயிரத்து அறுநூறு! வேறெங்கும் பிரதி கிடையாது.

இப்போது கண்ணாடியும் இல்லை. பாட்டும் இல்லை.

மூன்று நாள் ஓடிவிட்டது. வழக்கை விசாரிக்கும் போலீஸ் மேஜர் ஸக்லூலுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

கைரேகை? இல்லை. கேமரா? ரிப்பேர். வாசல் காவலர்? ஃபூல் சாப்பிடப் போயிருந்தாராம். அவித்த மொச்சைக்கு ஒரு மணி நேரம்!

மாட்டியவன் ஒரே ஒருத்தன். அன்று காலை ஏ.சி. பழுது பார்க்க வந்த ஃபிக்ரி. அவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு துரும்பு கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அரசு வக்கீல் போனில் வந்தார்.

"பன்னெண்டு மணிக்குள்ள ஆதாரம் காட்டுங்க. இல்லேன்னா அவனை விட்டுடுங்க."

"சார்... அவன் வெளிய போனா அந்தப் பாட்டு கப்பலேறிடும் சார்! அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்பாது!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கூடவே பாடட்டுமா?"

டொக்!

ஸக்லூல் பல்லைக் கடித்துக்கொண்டு விசாரணை அறைக்குள் போனார். ஃபிக்ரி கால் மேல் கால் போட்டிருந்தான்.

"பாப்பிரஸ் தொட்டிருக்கியாடா?"

"பாப்பிரஸா... அது திங்கிறதா, தேய்ச்சுக் குளிக்கிறதா பாஷா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கேஸும் கம்ப்ரஸரும்தான்."

போலீஸ் அதிகாரிக்கான 'பாஷா' மரியாதையோடு, அறுபதாவது தடவையாக அதே பதில்! வெளியே வந்த ஸக்லூல் சுவரில் ஓங்கிக் குத்தினார்.

சார்ஜென்ட் ஷஹாத்தா பதறினார். "சுவர் என்ன பாவம் பண்ணிச்சு பாஷா?"

"அதுவும் வாயத் திறக்க மாட்டேங்குதேய்யா!"

விருட்டென்று ஜீப்பில் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது மணி பதினொன்றே முக்கால். கையில் ஒரு மஞ்சள் கவர். ஷஹாத்தாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"எந்திரி ஃபிக்ரி. வீட்டுக்குப் போ."

"நிஜமாவா பாஷா?"

"பாட்டு கிடைச்சாச்சு. நைல் கரையோரக் குப்பைத் தொட்டியில. எவனோ மடையன் கிழிச்சுப் போட்டிருக்கான்."

கவரை மேஜையில் கவிழ்த்தார். பழுப்பு நிறத் துண்டுகள்... தூள் தூளாக!

ஃபிக்ரியின் முகம் வெளுத்தது.

"ஷஹாத்தா, வேகுதுய்யா. அந்த டேபிள் ஃபேனை ஃபுல்லா வை!"

விர்ர்ர்...

துண்டுகள் பறந்தன.

ஃபிக்ரி பாய்ந்தான்! வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு... ஒரு கையால் ஃபேன் வயரைப் பிடுங்கினான். மறுகையால் ஒரு காகித நுனியைத் துண்டுக்கு அடியில் நோகாமல் நுழைத்துத் தூக்கினான். விரல் படவே இல்லை. அப்புறம்தான் மேஜைக்கு முதுகைக் காட்டி மூச்சு விட்டான்.

விட்ட மூச்சோடு ஆத்திரமும் வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? இது மேல காத்துப் படலாமா? அந்தக் கழுதை... என் மச்சான்! கண்ணாடியைப் பிரிக்காதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு கொலையப் பண்ணி எடுத்துக் குடுத்தேனே... கிழிச்சுக் குப்பையில போட்டுட்டானே பாவி!"



தான் என்ன சொன்னோம் என்பது ஃபிக்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்தென்று நாற்காலியில் விழுந்தான்.

ஸக்லூல் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏ.சி. மெக்கானிக் ஃபேனை நிறுத்தி இன்னிக்குத்தான்டா பார்க்கிறேன். சுவடி செப்பனிடுற தொழில்ல கை வெச்சவன் எவனும் பாப்பிரஸ் மேல மூச்சு விடமாட்டான். தும்மல் வந்தா தெருவுக்கே ஓடுவான். எத்தனை வருஷம் செஞ்சே?"

"எட்டு... எட்டு வருஷம் பாஷா. கெய்ரோவுல. திருட்டுன்னு சொல்லித் துரத்திட்டாங்க."

"அந்தத் துண்டை நல்லாப் பாரு."

ஃபிக்ரி குனிந்தான். கண்ணருகே கொண்டுபோனான். முகம் அஷ்டகோணலாகியது.

"இது... இது வாழைநார்!"

"பஜார்ல டூரிஸ்டுக்கு விக்கிறது. கிளியோபாட்ரா படம் போட்டிருந்தது. என் கையாலதான் கிழிச்சேன்."

"அப்போ... என் மச்சான்?"

"அவனை ஏன்டா திட்டறே? தங்கமான பையன். நீ சொன்னபடி கண்ணாடியைப் பிரிக்காமத்தான் வெச்சிருப்பான்... அட்ரஸைச் சொல்லு, நேர்ல போய்ப் பாராட்டிட்டு வரேன்!"